தேடாமல் விடும் கலை

வெண்பா இயற்றும் புலவர் ஒரு சீரை மாவில் முடித்துவிட்டால் அடுத்த சீரை நிரையில்தான் தொடங்க இயலும். விளத்திலோ காயிலோ முடித்தால் நேரில் தொடங்கவேண்டும். ஒவ்வொரு தேர்வும் அடுத்த தேர்வின் வாசல்களில் சிலவற்றை அடைத்துவிடும் இத்தகைய சிக்கல்களைக் கணினி அறிவியலார் கட்டுப்பாட்டு நிறைவுச் சிக்கல்கள் என்பர். விதிக்கு உட்பட்ட விடைகளுள் செலவு மிகக் குறைந்ததையோ பயன் மிக உயர்ந்ததையோ நாடுவது உகப்பாக்கம் எனப்படும். இவற்றைத் தீர்க்கும் வழிமுறைகளின் நயத்தை அறிய விரும்புவோர், ஒரு வழிமுறை எதைத் தேடுகிறது என்பதைக் காட்டிலும் எதைத் தேடாமல் விடுகிறது என்பதையே உற்றுநோக்க வேண்டும்.

ஆதம்பாக்கத்தின் தெரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட நீளத்தை ஒரு தெரு என்று கொண்டு, ஒவ்வொரு தெருவுக்கும் அதன் இரு முனைகளுள் ஒன்றிலேனும் கண்காணிப்புக் கேமரா இருக்கவேண்டும் என்று விதித்து, 100 சந்திகள் கொண்ட பகுதிக்கு 10 கேமராக்கள் போதுமா என்று கேட்டால், அதுவே வெர்டெக்ஸ் கவர் என்னும் புகழ்பெற்ற சிக்கல் ஆகும். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் தொகுத்துக் காட்டிய 21 கடினச் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. 100 சந்திகளிலிருந்து 10-ஐப் பொறுக்கும் வழிகள் 17 லட்சம் கோடிக்கும் மேற்பட்டவை என்பதால், ஒவ்வொன்றாகச் சோதிப்பது முறையாகாது.

கைதேர்ந்த வழிமுறை வேறு விதமாகத் தொடங்குகிறது. இன்னும் காவல் பெறாத ஏதேனும் ஒரு தெருவை, கருணீகர் தெருவின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளலாம், அது எடுத்துக்கொள்கிறது. அதன் இரு முனைகளுள் ஒன்றில் கேமரா வந்தே தீரவேண்டும்; ஆகவே தேடல் இரண்டே கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேமரா செலவாகிவிடுவதால், பத்தாவது படியில் கையிருப்பு தீர்ந்து தேடல் தானாக நின்றுவிடும். மிஞ்சிப்போனால் 1,024 முடிவுகள். சந்திகள் 100 ஆயினும் 10,000 ஆயினும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. இதற்கும் முன்பாகவே வெட்டத்தக்கவை உண்டு. 11 தெருக்கள் கூடும் சந்தி ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அதை விட்டுவிட்டால் எதிர்முனைகள் பதினொன்றுக்கும் கேமரா வேண்டியிருக்கும். ஆதம்பாக்கம் போல நாற்சந்தியைத் தாண்டுவது அரிதான ஊரில் 10 கேமராக்கள் ஏறத்தாழ 40 தெருக்களையே காக்கும்; 100 சந்திகளை இணைக்கும் தெருக்களோ அதைவிட மிகப் பல என்பதால், தேடலைத் தொடங்காமலே 'போதாது' என்று சொல்லிவிடலாம். ஒரு கிளையைக்கூடத் தொடாமல் கிடைக்கும் இந்த விடையின் அழகுக்கு ஈடு சொல்வது கடினம்.

சிக்கலின் மொத்த அளவை விட்டு, அதனுள் இருக்கும் சிறிய எண் ஒன்றில் கடினத்தை அடக்கிக் காட்டும் இந்தப் பார்வையை 1990-களில் ராட் டவ்னி, மைக்கேல் ஃபெலோஸ் இருவரும் ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தனர். ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரியைக் கடந்தால் வரும் தரமணியில், 1962-இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் அத்துறையின் முதன்மையான இருப்பிடங்களுள் ஒன்றாயிற்று.

அங்குப் பணியாற்றிய மீனா மகாஜன், வெங்கடேஷ் ராமன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, நுட்பத்தைவிடக் கேள்வியின் செம்மையால் உயர்ந்து நிற்பது. பல நிபந்தனைகள் தரப்பட்டு, ஒவ்வொன்றும் 'இது மெய் அல்லது அது பொய்' என்னும் வடிவில் இருக்குமானால், ஏதேனும் ஒரு விடையையும் அதன் ஒவ்வொரு மதிப்பையும் நேர்மாறாக்கிய விடையையும் சேர்த்துப் பார்க்கும்போது, எந்த நிபந்தனையும் இவ்விரண்டில் ஒன்றிலேனும் நிறைவேறியே இருக்கும். ஆகவே இரண்டுள் ஒன்று பாதி நிபந்தனைகளையேனும் நிறைவேற்றிவிடும். 200 நிபந்தனைகளில் 80 நிறைவேறுமா என்பது, இக்காரணத்தால், கேட்கவே தேவையில்லாத கேள்வி. உறுதியாகக் கிடைக்கும் 100-க்கு மேல் இன்னும் எத்தனை என்று கேட்கும்போதுதான் உண்மையான கடினம் தொடங்குகிறது என்பதை அவ்விருவரும் எடுத்துக்காட்டினர். சிக்கலைத் தீர்க்கும் முன் அதன் கடினம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதே இக்கலையின் உச்சம் என்று கொள்ளலாம்.

இந்தக் கேள்வி பின்னர்க் கேமராக்களுக்கே திரும்பி வந்தது. ஒன்றையொன்று தொடாத 50 தெருக்கள் ஒரு வரைபடத்தில் இருந்தால், அவற்றுக்குத் தனித்தனியே 50 கேமராக்கள் எப்படியும் வேண்டும். அதற்கு மேல் எத்தனை என்பதே தேடத்தக்கது. அந்த மிகையைக் கண்டறியும் வழிமுறை ஒன்றை வெங்கடேஷ் ராமன், எம்.எஸ். ராமானுஜன், சாகேத் சௌரப் ஆகிய மூவர் 2011-இல் ஒரு கட்டுரையில் அளித்தனர். தண்டு போன்ற பாதை ஒன்றின் நுனியில் ஒற்றைப்படை நீளமுள்ள சுழல் அமைந்தால் அவ்வடிவத்தைப் பூ என்று அழைப்பது இத்துறையின் மரபு. அக்கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பாதைகள், பூக்கள், வெர்டெக்ஸ் கவர்' என்று வரும்.