விடை மட்டும் போதுமா?

நம் கல்லூரிகளின் நுண்செயலி ஆய்வகங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. மாணவர் 8085 பயிற்சிப் பெட்டியில் நிரலின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார், ஓட்டுகிறார், நினைவகத்தில் விடையைப் பார்க்கிறார், ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். இடையில் நடந்தது என்ன என்று கேட்பவர் அரிது. ஒரு கட்டளையை நிறைவேற்றியதும் நிற்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதைத் தொடாமலே பருவம் முடிந்துவிடுகிறது.

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று பாருங்கள். பச்சை இலையை வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், நொதிக்க விடுகிறார்கள், உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். தூளில் குறை கண்டால், அது எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று தெரியாமல் திருத்த இயலாது. பொட்டலத்தை மட்டும் பார்த்து அத்தொழிலைக் கற்க முடியுமா? நிரலும் அப்படியே.

8086 நுண்செயலி 1978-இல் வெளிவந்தது. அதன் நிரல்களைப் படிப்படியாக நடத்திப் பார்க்க உதவும் எளிய கருவி 'டீபக்'. டிம் பேட்டர்சன் என்ற அமெரிக்கர் எழுதிய இக்கருவி, பின்னர் எம்.எஸ்.-டாஸுடன் சேர்ந்து வந்தது. இதில் படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை. 'ஏ' என்றால் கட்டளைகளை எழுதலாம். 'ஆர்' என்றால் பதிவகங்களைக் காணலாம். 'டி' என்றால் ஒரே ஒரு கட்டளை நடக்கும். இது எவ்வாறு இயலுகிறது? நுண்செயலியின் கொடிகளுள் ஒன்றை டீபக் உயர்த்தி வைக்கிறது. அக்கொடி உயர்ந்திருக்கும்போது, ஒரு கட்டளை முடிந்ததும் நுண்செயலி தானே நின்று டீபக்கிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

ஒரு சோதனை செய்வோம். ஏ.எல். என்ற 8 பிட் பதிவகத்தில் 200 இட்டு, அதனுடன் 100 கூட்டுக. டீபக் எல்லா எண்களையும் பதினாறடிமான எண்களாகவே கொள்ளும்; ஆகவே 'சி8' என்றும் '64' என்றும் எழுத வேண்டும். இரண்டாம் முறை 'டி' அழுத்தியதும் ஏ.எல்.-இல் தெரிவது '2சி', அதாவது 44! 300 எங்கே போயிற்று? 8 பிட்டில் 255-க்கு மேல் இடமில்லை, 256 வழிந்துவிட்டது. அதைச் சொல்லவே மிகுதிக்கொடி உயர்ந்து நிற்கிறது. ஆனால் நிரம்பிவழிதல் கொடி உயரவில்லை. ஏன்? அதே பிட்டுகளைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் சி8 என்பது -56. -56 உடன் 100 கூட்டினால் 44. விடை முற்றும் சரி! நுண்செயலிக்கு இரண்டும் ஒன்றே. பொருள் கொள்பவர் நாம். இந்த உண்மை கடைசி விடையை மட்டும் எழுதிய மாணவருக்கு எட்டுமா?

டீபக் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. திரையின் கடைசி வரியில் காண்பது நடந்து முடிந்த கட்டளையன்று, அடுத்து நடக்க இருப்பது. புதியவர்கள் இதில் குழம்புவார்கள். தாவல்களுக்குப் பெயர் வைக்க வழியில்லை; முகவரியை நாமே கணக்கிட வேண்டும். ஆயிரம் முறை சுழலும் நிரலில் 'டி' அழுத்திக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அங்கே 'ஜி' கட்டளையுடன் நிறுத்துமிடத்தின் முகவரியைத் தர வேண்டும். 64 பிட் விண்டோஸில் டீபக்கே இல்லை. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள்தான் ஓட்ட வேண்டும்.

"வழக்கொழிந்த கருவியை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?" என்று கேட்கலாம். பிடித்துக்கொள்ள வேண்டியது கருவியை அன்று, பழக்கத்தை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' நுண்செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தவை. அங்கே பிழைதிருத்தி 'ஜி.டி.பி.', 'டி'-க்குப் பதில் 'ஸ்டெப்-ஐ'. அத்தொகுதியில் மிகுதிக்கொடியே கிடையாது! குறியற்ற எண்களின் கூட்டுத்தொகை, கூட்டிய எண்ணைவிடச் சிறியதா என்று ஒப்பிட்டே மிகுதியை அறிய வேண்டும். நம் சோதனையில் 44, 200-ஐவிடச் சிறியது அல்லவா? கொடிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்து நிற்பார். மிகுதி ஏன் பிறக்கிறது என்று கண்ணால் கண்டவர் தொடர்ந்து நடப்பார். நம் நாட்டில் செய்யும் நுண்செயலிகளுக்கு நிரல் எழுத எத்தகைய மாணவர் வேண்டும்?

செலவு ஏதும் இல்லாத ஒரு மாற்றம் போதும். ரெக்கார்டில் விடைக்கு மேலே ஓர் அட்டவணை இருக்கட்டும்: ஒரு கட்டளைக்கு ஒரு வரி. அடுத்து என்ன ஆகும் என்று மாணவர் முதலில் எழுதட்டும். பிறகு ஒரு படி நடத்தி ஒப்பிடட்டும். இரண்டும் ஒவ்வாத வரியே அன்றைய பாடம். மதிப்பெண்ணும் அந்த வரியின் விளக்கத்துக்கே கிடைக்கட்டும்.