ஊர் ஒன்றுபட்ட விதம்

'ஊரே சொல்கிறது' என்கிறோம். ஊர் எப்போது, எவ்வாறு சொல்லத் தொடங்கியது என்று கேட்பதில்லை. நார்வே நாடக ஆசிரியர் ஹென்ரிக் இப்சன் 1882-இல் வெளியிட்ட 'மக்களின் பகைவன்' அக்கேள்வியையே ஐந்து அங்கங்களில் ஆராய்கிறது.

மருத்துவ நீராடலுக்கு வருவோரை நம்பி வாழும் ஊர் அது. தோல் பதனிடும் கூடங்களின் கழிவு நீரில் கலந்து நோய் பரப்புவதை மருத்துவர் ஸ்டாக்மன் கண்டறிகிறார். முதலில் யாவரும் அவர் பக்கமே. பத்திரிகை ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் கட்டுரையை வெளியிட முன்வருகிறார். வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவரான அச்சக உரிமையாளர் அஸ்லாக்சன், பெரும்பான்மையோர் துணைநிற்பர் என உறுதி கூறுகிறார். பின்னர் மருத்துவரின் அண்ணனான நகரத் தலைவர் அங்கு வந்து, சீரமைப்புச் செலவு ஊரார் தலையில் விழும், நீராடு நிலையம் இரண்டாண்டு மூடிக்கிடக்கும் என்கிறார். உடனே இருவரும் மாறிவிடுகின்றனர். ஆய்வு பொய்யென எவரும் நிறுவவில்லை. உண்மையின் விலை தெரியவந்தது, அவ்வளவே.

நான்காம் அங்கமே நாடகத்தின் உயிர். பொதுக்கூட்டத்திற்கு அஸ்லாக்சன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மருத்துவர் தம் அறிக்கையைப் படிப்பது தடுக்கப்படுகிறது. இறுதியில் வாக்கெடுப்பு, குடிபோதையிலிருந்த ஒருவன் நீங்கலாக அனைவரும் அவரை மக்களின் பகைவன் என்கின்றனர். கூட்ட ஒழுங்குகள் யாவும் காக்கப்பட்டன. கேட்க வேண்டியது மட்டும் கேட்கப்படவில்லை. பத்திரிகை வாசகருக்கு அஞ்சியது. வாசகர் வரிக்கு அஞ்சினர். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே வாக்களித்தனர். இந்த அச்சங்களின் கூட்டுத்தொகைக்கே 'ஒருமனம்' என்று பெயரிட்டனர்.

எனினும், ஸ்டாக்மனின் முடிவை அப்படியே ஏற்க இயலவில்லை. சினமுற்ற அவர் பெரும்பான்மையையே இழித்துரைக்கிறார். தனித்து நிற்பவனே வலியவன் என்று முடிக்கிறார். சத்யஜித் ரே 1989-இல் இக்கதையை 'கணசத்ரு' என்ற வங்கப் படமாக்கியபோது, நீராடு நிலையம் கோயில் தீர்த்தமாயிற்று. முடிவில் மருத்துவரை வாழ்த்தும் இளைஞர் குரல்கள் வெளியே ஒலிக்கின்றன. கலையளவில் அம்முடிவு எளிதாகக் கிட்டியதே. ஆனால் உண்மைக்குத் துணை வேண்டும் என்பதை ரே உணர்ந்திருக்கிறார்.

அத்துணை இப்சனிடமும் உண்டு. ஊர் அரசியலில் நாட்டமில்லாத கப்பல் தலைவர் ஹோர்ஸ்டர், எவரும் இடம் தராதபோது தம் வீட்டைக் கூட்டத்திற்குத் தருகிறார். அதனால் வேலையை இழக்கிறார். விமர்சகர்கள் ஸ்டாக்மனைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். நம்மில் பலரால் அவரைப்போல் ஆய்வு செய்ய இயலாது; ஒரு கதவைத் திறந்துவைக்க யாவராலும் இயலும்.