ஃபுல் கவருக்கு வெளியே 160 கிலோமீட்டர்

தென்காசிப் பக்கம் கார் இன்சூரன்ஸில் ரெண்டே ரகம்தான். ஒண்ணு தேர்ட் பார்ட்டி, இன்னொண்ணு ஃபுல் கவர். "ஃபுல் கவர் போட்டிருக்கோம்லா, பெறகென்ன?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாலிசிப் பத்திரத்தில் இந்த 'ஃபுல்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நான் வாசித்த பத்திரங்களின் பெயர் 'பேக்கேஜ் பாலிசி'. பேக்கேஜ் என்றால் பொட்டலம். பொட்டலத்தில் என்ன கட்டியிருக்கிறதோ அது மட்டும்தான் கிடைக்கும்.

தேடக் காரணம் என் அத்தான். இறக்குமதிக் கார் ஒன்று வாங்கப் போகிறார். மூன்று கம்பெனிகளின் கொட்டேஷனைக் கொடுத்து, "எது நல்லதுன்னு வாசிச்சுச் சொல்லு மாப்ள" என்றார். எனக்குத் தெரிந்து யாரும் பாலிசியை வாசிப்பதில்லை. பிரீமியத்தைப் பார்ப்பார்கள், ஏஜென்ட் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி உட்கார்ந்து வாசித்தேன். இது அந்த மதிப்புரை.

முதலில் தெரிந்தது: மூன்றும் ஒரே நூல். பிரீமியம் வேறு, அட்டை வேறு, உள்ளே வாசகம் ஏறக்குறைய ஒன்றே. இந்திய மோட்டார் டாரிஃப் என்ற விதித்தொகுப்பு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தை 2007 ஜனவரி 1 முதல் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று ஆனது. அப்போது கட்டணம்தான் விடுதலையானது, வாசகம் ஆகவில்லை. நான் வாசித்த அடிப்படைப் பாலிசியின் மொழி இன்னும் பெரும்பாலும் அந்த 2002-ன் மொழிதான்.

அந்த மொழிக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. வண்டி உள்ளூரில் தயாரானது, பக்கத்துத் தெருவில் ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தொங்குகிறது. அம்பாசடருக்கும் மாருதிக்கும் அது சரி. வண்டியைத் தூக்கிப் போக அடிப்படைப் பாலிசி தருவது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய். நீங்களாகவே செய்துகொள்ளலாம் என்று அனுமதிக்கும் ரிப்பேரின் வரம்பு 500 ரூபாய். குற்றாலத்தில் சீசன் நேரத்து ரூம் வாடகைக்கே இது பத்தாது. இறக்குமதிக் காருக்குக் கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் இங்கிருந்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோதான் போகணும். மதுரை சுமார் 160 கிலோமீட்டர். ஓடாத காரை அவ்வளவு தூரம் ஏற்றிப்போக எந்த ரெக்கவரி வண்டிக்காரர் 1,500-க்கு வருவார்?

என் விமர்சனமே இதுதான். பாலிசி சேதத்தைக் கணக்குப் பண்ணுகிறது. தூரத்தையும் காத்திருப்பையும் பண்ணுவதில்லை. தென்காசியில் நிற்கும் இறக்குமதிக் காருக்கு உண்மையான செலவு அந்த ரெண்டில்தான்.

காத்திருப்பைப் பற்றி டாரிஃப் பேசும் ஓர் இடம் உண்டு. சுங்க வரி கட்டாமல் வந்த வண்டிகளுக்கான இணைப்பு விதி, எண் 19. உதிரிபாகம் நாட்டில் இல்லாவிட்டால், தயாரிப்பாளரின் விலைப்பட்டியல் விலை தரலாம். அது இல்லையென்றால் தொழிற்சாலை விலை, இறக்குமதி வரி, நியாயமான போக்குவரத்துச் செலவு. ஆனால் விமானம் தவிர்த்த போக்குவரத்து. அதாவது ஹெட்லைட் கப்பலில்தான் வரும். வரி கட்டி வாங்கிய நம் வண்டிக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. பார்ட் வராமல் நாலு மாசம் நின்றால் என்ன என்பது பற்றி நம் பாலிசி எதுவுமே பேசுவதில்லை. ஓட்ட முடியாத நாட்களின் நஷ்டம் தொடர்விளைவு நஷ்டம், அது விலக்கு. அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். பாரின் கார் எல்லாம் இறக்குமதிக் கார் இல்லை. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் கார் பூட்டுகிறது. முழு வண்டியாகக் கப்பலில் இறங்குவது வேறு கணக்கு. பேட்ஜைப் பார்த்து முடிவு செய்யாமல், இந்த மாடலின் முன் பம்பர் எங்கே ஸ்டாக் இருக்கிறது, வர எத்தனை நாள் ஆகும் என்று டீலரிடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பம்பர் என்றதும் தேய்மானம். இரும்புப் பாகங்களுக்கு வயதுக்கேற்ற கழிவு: முதல் ஆறு மாதம் எதுவும் இல்லை, 5 முதல் 10 வயது வரை 40 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குப் போகும் கல் லாரி பின்னால் ஓட்டுபவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே 50 சதவீதம் கழிப்பார்கள். இன்றைய காரின் முகம் முழுக்கப் பிளாஸ்டிக். 3 லட்சம் ரூபாய் பம்பர் என்றால் ஒன்றரை லட்சம் உங்கள் பையிலிருந்து. ஆக 'ஜீரோ டெப்' இல்லாத ஃபுல் கவர், இறக்குமதிக் காருக்கு அரை கவர்கூட ஆகாது.

மழை விஷயமும் நம்ம ஊருக்கு முக்கியம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போனது. அதே ஆண்டு டிசம்பரிலும் பேரருவியில் வெள்ளம் பார்த்தோம். வெள்ளச் சேதம் அடிப்படைப் பாலிசியிலேயே உண்டு. ஆனால் தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனால் அது வெள்ளச் சேதம் இல்லை, தொடர்விளைவு என்பார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் நிறையப் பேர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு அதற்காகத்தான்.

அடுத்து ஐ.டி.வி., அதாவது வண்டி முழுசாகப் போனால் தரும் தொகை. விலையிலிருந்து 2 வயது வரை 20 சதவீதம், 5 வயது வரை 50 சதவீதம் என்று கழியும். ஷோரூம் விலை 1 கோடி என்று வையுங்கள். இரண்டாம் வருட முடிவில் புதுப்பித்தால் ஐ.டி.வி. 80 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இதற்கே 20 லட்சம் கட்டியிருப்பீர்கள், அது ஐ.டி.வி.யில் சேராது. ஆக 1 கோடியே 20 லட்சம் போட்ட இடத்தில் 80 லட்சம். இந்த இடைவெளியை அடைப்பது 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' இணைப்பு. பிரீமியம் குறைக்க ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடும் ஏஜென்ட்கள் உண்டு. "மூவாயிரம் மிச்சம் அண்ணாச்சி" என்பார்கள். எதிலிருந்து மிச்சம் என்று கேளுங்கள்.

5 வயது தாண்டினால் அட்டவணையே இல்லை. இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான் ஐ.டி.வி. பழைய இறக்குமதிக் கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளாவில் பூட்டான் வழியாகக் கொண்டுவந்த கார்களைச் சுங்கத்துறை தேடித்தேடிப் பிடித்தது. மலைக்கு அந்தப் பக்கத்து வண்டி நம் பக்கம் கைமாறுவது புதுசில்லை. சுங்கத்தில் வரி கட்டிய 'பில் ஆஃப் என்ட்ரி' இல்லாத வண்டிக்கு எந்தப் பாலிசி போட்டும் பிரயோஜனம் இல்லை.

அத்தானுக்கு நான் சொன்னது, மூன்றில் பிரீமியம் நடுவாக இருந்தது. மேலே சொன்ன மூன்று இணைப்புகளும் அதில் இருந்தன. வண்டி தூக்கும் செலவுக்கு மட்டும் கிலோமீட்டர் வரம்பு 50. மதுரை வரைக்கும் எழுத்தில் தரச் சொல்லிக் கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னேன். போட்டிருக்கிறார். பதில் வரும் வரை செக் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.