ஸ்டூல் மேல் துணிக்கட்டு

இயற்கையைக் கெடுக்காமல், போகிற ஊருக்கும் உதவியாக, இரண்டு நாள் நகரப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லும் கையேடுகளை நான் விடாமல் படிக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அறிவுரைதான். விமானத்தைத் தவிர், ரயிலில் போ. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோ. உள்ளூர்க் கடையில் வாங்கு. விடுதியில் துண்டைத் தினமும் மாற்றச் சொல்லாதே. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆற்றையும் காற்றையும் பார்த்த கண், அந்த ஊரில் வேலை செய்கிற பெண்ணைப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

கோழிக்கோட்டை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து நான்கைந்து மணி நேர ரயில் பயணம். 2023இல் யுனெஸ்கோ இதை இலக்கிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர். மானாஞ்சிறை, மிட்டாய்த் தெரு, கடற்கரை எல்லாம் நடந்தே பார்க்கலாம். கையேட்டின் கணக்கில் முழு மதிப்பெண்.

மிட்டாய்த் தெருவில் அல்வாவும் துணியும் வாங்கினால் உள்ளூர் வணிகத்தை ஆதரித்ததாகிவிடும். யாருடைய உள்ளூர்? இந்த நகரத்துக் கடைகளில் விற்பனைப் பெண்கள் ஆண்டுக்கணக்காக நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. கழிப்பறை கிடையாது என்பதால் தாகத்தை அடக்கிக்கொண்டார்கள். தையல் தொழிலாளியான பி. விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ முதலில் கழிப்பறைக்காகப் போராடியது, பிறகு இருக்கைக்காக. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையைச் சேர்த்தது. 2021இல் தமிழ்நாடும் அப்படியொரு திருத்தம் கொண்டுவந்தது. இதைப் பெற்றுத் தந்தது தெருவில் இறங்கிய பெண்கள். வாங்க வந்தவர்களின் நல்ல மனசுக்கு இதில் பங்கு குறைவு.

பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிற கையேடு, கழிப்பறை எங்கே என்று சொல்வதில்லை. வெளியூர் போகும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதை எத்தனை பயணங்களில் பார்த்திருக்கிறோம்! பயணியும் விற்பனைப் பெண்ணும் ஒரே தாகத்தில் நிற்கிறார்கள். பாட்டில் எவர்சில்வரா பிளாஸ்டிக்கா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். துண்டை மறுபடி பயன்படுத்தினால் தண்ணீர் மிச்சமாகும், சரி. அதையே நீட்டி, தங்கும் நாள் முழுக்க அறையைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று சொல்வதையும் சில விடுதிகள் பசுமைத் திட்டம் என்று அழைக்கின்றன. 2018இல் அமெரிக்காவின் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்த விடுதித் தொழிலாளர்கள் இதையும் எதிர்த்தார்கள். வேலை நேரம் குறைந்தது, கூலி குறைந்தது. நாலு நாள் அழுக்கு சேர்ந்த அறையைக் கடைசி நாளில் துடைக்கும் பாடு மட்டும் கூடியது. நாம் புண்ணியம் சேர்த்த கணக்கில் இன்னொருத்தியின் முதுகு வலி எழுதப்படுகிறது.

குப்பையும் அப்படித்தான். கேரளத்தில் வீடுகளிலும் கடைகளிலும் பிளாஸ்டிக்கைச் சேகரிப்பது ஹரித கர்ம சேனை. பெரும்பாலும் குடும்பஸ்ரீ பெண்கள். கழுவிக் காயவைத்துக் கொடுத்தால்தான் அதைப் பிரிக்க முடியும். குழம்பு ஒட்டிய பொட்டலத்தைப் பச்சைத் தொட்டியில் போடுவதா நீலத்தில் போடுவதா என்று யோசிக்கும் பயணி, அடுத்து அதைத் தொடப்போகும் கையையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டுக்குள்ளும் இதே கதை. பிளாஸ்டிக் இல்லாத பயணம் என்று முடிவெடுத்ததும் புளிசாதம் கிளறுவது யார்? டப்பாவில் அடைப்பது யார்? திரும்பி வந்த அன்றே எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் டப்பாக்களைத் தேய்ப்பது யார்? ரயில் நேரம் பார்ப்பது, மாமியாருக்கு இரண்டு நாள் மாத்திரை எடுத்துவைப்பது எல்லாம் திட்டமிடல் என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கையேடு கூப்பிடும் ‘நீ’க்கு ஆண் பெண் கிடையாது, வேலைக்கு இருக்கிறது. டப்பா கழுவும் முறையை முதலில் பிரித்துக்கொண்டு பிறகு டிக்கெட் எடுக்கலாம் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். சிரிப்பார்கள். எனக்கு அது வேடிக்கை இல்லை.

விடுதியில் அறை கேட்கும்போதே, சுத்தம் செய்பவர்கள் விடுதியின் ஆட்களா, ஒப்பந்த ஆட்களா, ஒரு நாளைக்கு ஒருவருக்கு எத்தனை அறை என்று கேட்கலாம். வரவேற்பில் இருப்பவர் விழிப்பார்; பரவாயில்லை. கடையில் மட்டும் கவனம் வேண்டும். முதலாளி பார்க்க, “உட்காருங்களேன்” என்று விற்பனைப் பெண்ணிடம் சொன்னால், நாம் போன பிறகு ஏச்சு அவருக்குத்தான். நான் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சில கடைகளில் இருக்கிறது, அதன் மேல் துணிக்கட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.