பெரியம்மாவின் மணிக்கட்டும் சிங்கப்பூர்க் கணக்கும்

திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் என் பெரியம்மா இருந்தார். 61 வயதில், ஒரு விடியற்காலை வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, கூடவே கால்சியம் மாத்திரை. "ஈரத்துல வழுக்கிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கட்டுப் போட்ட இடத்திலும் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏழு வருஷம் கழித்துக் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். இந்த முறை இடுப்பு. ஆபரேஷன் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக வாசலுக்கு வரவே இல்லை.

இரண்டாவது முறிவை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் இந்த ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் படுவது ஃபிராக்ஸ் என்ற கணிப்புக் கருவி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழு உருவாக்கி 2008-ல் வெளியிட்டது. வயது, எடை, உயரம், புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரை, ஏற்கெனவே எலும்பு உடைந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு உடைந்ததா என்று கேட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறிய எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். ஸ்கேன் இல்லாமலும் கணக்குப் போடலாம். ஏழை நாடுகளுக்கு இது பெரிய வசதி, அதில் சந்தேகமில்லை.

ஆனால் நாடுகளின் பட்டியலில் 'இந்தியா' என்று அழுத்தினால் உள்ளே இருப்பது சிங்கப்பூர். இந்தியாவுக்குப் போதுமான முறிவுக் கணக்கு இல்லாததால், சிங்கப்பூர்வாழ் இந்தியர்களின் இடுப்பு முறிவு விகிதத்தை எடுத்து, அதோடு இந்தியாவின் இறப்பு விகிதத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பகுதி தமிழர்கள்தானே, நமக்கு ஒத்துவராதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தேன். வம்சம் ஒன்றாக இருக்கலாம். சாப்பாடு, லிஃப்ட், நடைபாதை, குளியலறைத் தரை? இடுப்பு உடைவதில் எலும்புக்குப் பாதிப் பங்கு என்றால், விழுவதற்கு மீதிப் பங்கு. ஃபிராக்ஸின் அடிப்படைப் படிவம் "போன வருஷம் எத்தனை முறை விழுந்தீர்கள்?" என்று கேட்பதே இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அந்த நோய் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் எலும்பு அடர்த்தி நன்றாகவே இருக்கும், ஆனால் எலும்பு அதைவிட எளிதாக உடையும். ஆக, கருவி அபாயத்தைக் குறைத்துச் சொல்கிறது. தெருவுக்குத் தெரு சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஊரில் இது சின்னக் குறையா? பின்னால் வந்த ஃபிராக்ஸ் பிளஸ் இந்த இரண்டையும் திருத்தப் பார்க்கிறது. அது எத்தனை ஓ.பி. மேசை வரை வந்து சேரும் என்பது வேறு விஷயம்.

சரி, நாமே ஸ்கேன் எடுத்துக் கணக்கெடுத்தால் என்ன? எடுத்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் தாமஸ் பால் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களில் சரிபாதிப் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் எலும்புப்புரை. முதுகெலும்பில் 48 சதவீதம், தொடையெலும்பின் கழுத்தில் 16.7 சதவீதம். உழைத்துச் செய்த ஆய்வு. நம் பெண்களின் உணவில் கால்சியம் எவ்வளவு குறைவு என்பதையும் காட்டியது. ஆனால் ஒரே பெண்கள், இடம் மாறினால் எண் மும்மடங்கு மாறுகிறது பாருங்கள். டெக்சா ஸ்கேன் எலும்பின் பரப்பை வைத்துத்தான் அடர்த்தியைச் சொல்கிறது. சிறிய எலும்பு மெலிந்த எலும்பு போலத் தெரியும். எந்த ஊர் இளம்பெண்களோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறும், இறங்கும். "பாதிப் பேருக்கு நோய்" என்ற செய்தியை வைத்து யாருக்கு முதலில் மருந்து தருவது என்று முடிவெடுக்க முடியாது.

நான் படித்ததில் மனதுக்குப் பிடித்தது, ஹரியானாவின் ரோதக் மாவட்ட ஆய்வு. ஆடம்பரம் எதுவும் கிடையாது. 2009-ல் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இடுப்பு உடைந்து வந்த 50 வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ணினார்கள். லட்சத்துக்கு 129 பேர். பெண்களில் 159, ஆண்களில் 105. இதிலும் குறை உண்டு. ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சென்னையில் இதே ஆய்வைச் செய்தால் 'புத்தூர் கட்டு' போர்டு தொங்கும் இடங்களுக்கும் போயாக வேண்டும். ஆனாலும் இது நிஜமாக உடைந்த எலும்புகளின் கணக்கு. ஊகம் இல்லை.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் 2007-ல் இடுப்பு முறிவுகளுக்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தது என்பது வெளியே தெரிந்தது. 2007-ல் 10.9 சதவீதமாக இருந்த 30 நாள் இறப்பு விகிதம், 2011-ல் 8.5 ஆனது. மருந்தும் இருக்கிறது. 2007-ல் வெளியான ஹொரைசன் ஆய்வில், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றியவர்களுக்கு அடுத்த முறிவு 35 சதவீதம் குறைந்தது, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது.

ஆக, என் விமர்சனம் இதுதான். யாருக்கு உடையும் என்று கணிப்பதில் இத்தனை மூளை செலவாகிறது. ஏற்கெனவே உடைந்தவர் கண்ணெதிரே மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சும்மா நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், அதுவே பரிசோதனை முடிவு. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய வழி இருக்கிறது. 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலையில் விழுந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. வாசலில் விழுந்தவருக்கு அது பொருந்தாது. அதே ஆண்டு வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. அந்த ஊழியர் கையில் இருக்கும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: "50 வயசுக்கு மேல எப்பவாவது விழுந்து எலும்பு உடைஞ்சிருக்காம்மா?"

என் பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். ஈரத்தில் வழுக்கிய கதையோடு சேர்த்து, காபியும் கொடுத்து.