பிறர் காணியில் கட்டிய வீடு

கருவி நடுநிலையானது, கையாள்பவனின் நோக்கமே பார்க்கத்தக்கது என்று வாதிப்போர் கணினித் துறையிலும் உளர். சம்மட்டியைப் பொறுத்தவரை இவ்வாதத்தை நாம் ஓரளவு ஏற்கலாம். ஆனால் மென்பொருட் சட்டகம் சம்மட்டி போன்றதன்று. நிரலாளன் எழுதும் ஒவ்வொரு வரியும் அதனைச் சார்ந்தே இயங்குகின்றது. அது போனால் அவனது உழைப்பும் போய்விடும். எனவே அது யாருடைய உடைமை என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று.

2023 செப்டெம்பரில் நிகழ்ந்ததை நோக்குவோம். கணினி விளையாட்டுக்களை ஆக்குவோர் பெரிதும் பயன்படுத்தும் யூனிற்றி என்ற சட்டகத்தின் உரிமையாளர், குறித்த வருவாயையும் நிறுவல் எண்ணிக்கையையும் கடந்த ஆக்கங்களுக்கு, நிறுவல் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தனர். முன்னரே விற்பனைக்கு வந்துவிட்ட ஆக்கங்களும் அதில் அடங்கும் என்பதே பலரையும் கொதிப்படையச் செய்தது. விதைக்கும்போது பேசிய வாரத்தை அறுவடையின்பின் மாற்றும் காணிக்காரனை நமது வாசகர் அறிவர். எதிர்ப்பின் வேகத்தால் விதிகள் சில நாட்களிலேயே தளர்த்தப்பட்டன. 2024 செப்டெம்பரில் கட்டணம் முற்றாகக் கைவிடப்பட்டது. (சந்தாத் தொகையோ உயர்ந்தது.)

எனினும், தனியுடைமை என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் நண்பர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. விளையாட்டுக்கெனத் தனிக் கணினிகளை விற்கும் பெருநிறுவனங்கள், தம் நிரற்கருவிகளை இரகசிய ஒப்பந்தத்தின் கீழேயே வழங்குகின்றன. திறந்த சட்டகமாகிய கொடோ அவற்றைத் தன் மூலநிரலிற் சேர்த்து வெளியிட முடியாமைக்குக் காரணம் இதுவே. இந்நிலையில் இருவர் மூவர் கொண்ட சிறு குழு யூனிற்றியை நாடுவதைக் கொள்கைத் துரோகம் என்பது பொருந்தாது.

உரிமையாளன் மனம் மாறினால் நம் கையில் எஞ்சுவது யாது? இதுவே கேட்கவேண்டிய வினா. 1996இல் தொடங்கிய கே.டி.ஈ. முயற்சி, நோர்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்துக்குரிய கியூட் சட்டகத்தின்மீது எழுந்தது. அதன் உரிமம் கட்டற்ற மென்பொருளுக்கு உகந்ததன்று எனக் கண்டித்தோர் 1997இல் குனோம் என்ற மாற்று முயற்சியைத் தொடங்கினர். கண்டனம் வீண்போகவில்லை. 1998இல் ஓர் ஒப்பந்தம் பிறந்தது: கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுவனம் நிறுத்துமாயின், எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்தில் அச்சட்டகத்தை வெளியிடும் அதிகாரம் இதற்கென அமைந்த பொது அமைப்புக்கு உண்டு. கியூட் பின்னர் நோக்கியாவுக்கும் டிஜியாவுக்கும் கைமாறியபோதும் அவ்வேற்பாடு நிலைத்தது.

மைக்ரோசொப்டின் விசுவல் பேசிக் 6ஐ நம்பியோருக்கு இத்தகைய பிடி எதுவும் இருக்கவில்லை. 2002இல் வந்த புதிய வடிவம் பழைய நிரல்களை அப்படியே ஏற்கவில்லை. 2005இல் அவர்கள் கையொப்பமிட்டு முறையிட்டனர். 2008 ஏப்ரிலில் ஆதரவு முடிவுற்றது.

ஓராண்டிற் பயன் தீரும் ஆக்கத்துக்கு இக்குறை பெரிதன்று. முப்பதாண்டு நிலைக்கவேண்டிய பாடசாலைப் பதிவேட்டையோ வைத்தியசாலைக் குறிப்பையோ இத்தகைய சட்டகத்தின்மீது எழுப்ப முனைவோரிடம், முதலில் ஒப்பந்தத்தைக் காட்டுமாறு நாம் கேட்கின்றோம்.