20 விநாடி ஆட்டம்

2016 செப்டம்பர் 20 இரவு, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் ஒரு மொட்டைமாடியில் நடந்ததை எழுதுகிறவர்கள் எல்லோரும் லாட்டரி என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறார்கள். சூப்பர்நோவா வேட்டையைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குக் கதை தெரியும். பூட்டு, சாவி வேலை செய்யும் ஓர் அமெச்சூர், புதுக் கேமராவைச் சோதிக்க 40 செ.மீ. தொலைநோக்கியை என்ஜிசி 613 பக்கம் திருப்பினார். நட்சத்திரம் வெடித்த முதல் வெளிச்சமே சிக்கியது. வாய்ப்பு கோடியில் ஒன்று என்று நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கில் குறையில்லை. அதை வைத்து அவருடைய ஆட்டத்தை எடைபோட்டதில்தான் கோளாறு.

அன்றைக்கு அவர் எடுத்த முடிவுகளைப் பாருங்கள். நகர வெளிச்சம் அடிவானத்தைக் கெடுத்துவிடும். அதனால் தலைக்கு நேர் மேலே இருந்த திரளைத் தேர்ந்தார். அங்கேயும் வானம் வெளுத்துத்தான் இருந்தது. நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் படம் பாழ். ஆகவே 20 விநாடி, இன்னொரு 20 விநாடி என்று ஒரே திரளை விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே நேரத்தை ஒரே நீண்ட படமாக எடுத்திருந்தால் கிடைத்திருப்பது ஒற்றைப் புள்ளி. அவருக்குக் கிடைத்ததோ வரிசை: முதல் தொகுப்பில் சுருள்கையின் நுனி காலி, முக்கால் மணி நேர இடைவெளி, அடுத்த தொகுப்பில் ஒரு சின்னப் புள்ளி, படத்துக்குப் படம் ஏறும் பிரகாசம். நாளொன்றுக்கு 40 மேக்னிட்யூடுக்கு மேல் என்ற அந்த ஏற்றத்தை அளக்க முடிந்தது அந்தத் துண்டுப் படங்களால்தான். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரைக்கு அவைதான் முதுகெலும்பு.

நாள் முழுக்க ஸ்லிப்பில் குனிந்து நிற்பவர் கையில் கேட்ச் விழுந்தால் அதை யாரும் லாட்டரி என்று எழுதுவதில்லை.

இரவுக்கு நூற்றுக்கணக்கான திரள்களைத் தட்டிச் செல்லும் வேட்டைக்காரர்களுக்குத்தான் எப்போதும் கைதட்டல். அவர்களுடைய உழைப்பு பெரிது. கண்டுபிடிப்புப் பட்டியல் நீள்வது அவர்களால்தான். ஆனால் ஒரு திரளுக்கு ஒரு படம் என்று ஓடுகிறவருக்கு, வெடிப்பின் முதல் மணி நேரம் ஒருபோதும் வரிசையாகக் கிடைக்காது. இந்தப் பத்தியின் ஓட்டு நின்று ஆடுகிறவருக்கே.

இனி என்ன? சிலியில் ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி வந்துவிட்டது, அமெச்சூர்களின் ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். பட்டியல் போட்டியில் முடிந்தது, உண்மைதான். மங்கலான வெடிப்புகளை இனி அதுவே அள்ளிக்கொள்ளும். ஆனால் ஒரே இடத்துக்கு அது திரும்பி வரச் சில இரவுகள் ஆகும்; சில மணி நேரத்தில் மாறிவிடும் வெளிச்சம் அந்த இடைவெளியில் நழுவிப்போகும். பக்கத்துத் திரள்களின் பிரகாசமான சூப்பர்நோவாக்களோ அதன் கேமராவுக்குத் தாங்காத அளவு ஒளிர்பவை.

2023 மே மாதம் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில் எம்101இல் வெடித்ததை முதலில் கண்டவர் ஜப்பானிய அமெச்சூர். செய்தி பரவியதும் பலர் தங்கள் முந்தைய இரவுப் படங்களைக் கிளறினார்கள். புள்ளி அவற்றிலும் இருந்தது. அடுத்த பெரிய வெடிப்பின் முதல் மணி நேரமும் இப்படி யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில்தான் கிடைக்கும். ஃப்ரேம்களை அடுக்கி அழகான ஒரே படமாக்கியதும் மூலங்களை அழித்துவிடுகிறவர்கள் அன்றைக்கு வெறுங்கையோடு நிற்பார்கள்.